கழுவாத நான்கு ஃபிலிம்கள்

ராஜபாளையம்
22-4-2024

ஹரிகிருஷ்ணனுக்கு,

தேவகிருபை எழுதுகிறேன். ஜெபினின் அக்கா. உனக்கு இந்த அறிமுகம் தேவையில்லைதான். ஆனால் அவனை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஊர் பார்க்க உன்னைப் பேசிய பேச்சுக்குப் பிறகு, பழைய உரிமையோடு ஆரம்பிக்கக் கை வரவில்லை. பேசியதை நான் திரும்பப் பெறவும் இல்லை. "நீ கூடப் போயிருந்தா என் தம்பி திரும்பி வந்திருப்பான்" என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்தது வைத்ததுதான். உன் குரலைக் கேட்டால் அவன் குரலும் சேர்ந்து கேட்கும். அதனால்தான் பன்னிரண்டு கிலோமீட்டருக்குத் தபால். சிரித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை பிளவக்கலில் ஆடு மேய்க்கிற ராக்கப்பன் என்பவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே தேடி வந்தார். கையில் ஜெபினின் தோள் பை. அணைக்கரைச் சரிவில் முள்ளுக்குள் கிடந்ததாம். பைக்குள் என் பெயரும் பள்ளி முகவரியும் எழுதிய சீட்டு இருந்திருக்கிறது. ஸ்டாண்டில் நின்ற கேமராவைத்தான் அன்றைக்கே போலீஸ் கொடுத்துவிட்டார்களே. இந்தப் பையை யாரும் தேடவில்லை.

உள்ளே அந்தப் பெரிய கேமராவில் செருகுகிற தட்டையான ஃபிலிம் ஹோல்டர் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் பேப்பர் டேப் ஒட்டி '11-2' என்று பென்சிலில் எழுதியிருக்கிறான். பிப்ரவரி பதினொன்று. அவன் தண்ணீரில் போன நாள். மேலே இருக்கிற தகடுகள் கறுப்புப் பக்கம் தெரியச் செருகியிருக்கின்றன. கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்த படம் என்று அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஹோல்டருக்கு இரண்டு வீதம் நான்கு ஃபிலிம். அவன் கடைசியாகப் பார்த்த நான்கு காட்சிகள்.

இதை நான் வீட்டிலேயே கழுவப் போகிறேன். சென்னை லேபுக்குக் கூரியரில் அனுப்ப மனம் இல்லை. என் தம்பி கடைசியாக எதைப் பார்த்தான் என்று எனக்கு முன்னால் வேறு ஒருவர் பார்க்கக் கூடாது. பிளஸ் டூவுக்கு இருபது வருஷமாக வேதியியல் எடுக்கிறேன்; டெவலப்பரும் ஃபிக்ஸரும் என்னைப் பயமுறுத்தாது. என்ன சாமான் வாங்குவது என்பதுதான் குழப்பம். இணையத்தில் ஒருவர் டேங்க் என்கிறார், ஒருவர் ட்ரே என்கிறார், ஒருவர் குழாய்க்குள் போட்டு உருட்டு என்கிறார். நீங்கள் இருவரும் உன் போட்டோ கடை பாத்ரூமில் எப்படிச் செய்தீர்களோ அதை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்
25-4-2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதமாக வெயிலிலும் பனியிலும் கிடந்த ஃபிலிமில் படம் மிஞ்சுவது கஷ்டம். வெறும் புகை மாதிரிதான் வரும். கழுவாமல் அப்படியே வைத்துக்கொண்டால் அதற்குள் அவன் எடுத்த படம் இருக்கிறது என்ற நிம்மதியாவது இருக்கும். யோசித்துக்கொள்ளுங்கள்.

கழுவியே தீருவது என்றால், நாலு ஃபிலிமுக்கு டேங்க் வேண்டாம். நல்ல டேங்கில் ஆறு ஃபிலிம் வரைக்கும் செருகலாம், மூடிவிட்டால் வெளிச்சத்தில் வைத்தே வேலை செய்யலாம், எல்லாம் சரி. ஆனால் பழகாத கை இருட்டுக்குள் செருகும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டின இடம் அப்படியே போய்விடும். மருந்தும் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். தொங்கவிடும் ஹேங்கர் நம் பக்கம் கிடைக்காது. குழாய் முறைக்குக் கை பழக வேண்டும்.

ட்ரேதான் உங்களுக்குச் சரி. அடி தட்டையாக, வரி இல்லாத பிளாஸ்டிக் ட்ரே நாலு. தண்ணீர், டெவலப்பர், மறுபடி தண்ணீர், ஃபிக்ஸர். ஒரு நேரத்துக்கு ஒரே ஃபிலிம். நகம் படக் கூடாது. தெர்மாமீட்டர் முக்கியம். இப்போது ராஜபாளையத்துக் குழாய்த் தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரிக்குக் குறையாது, டெவலப்பர் இருபதில் இருக்க வேண்டும். பெரிய பேசினில் ஐஸ் போட்டு அதற்குள் ட்ரேயை வையுங்கள். கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு விழும்.

பாத்ரூம் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டு ஒரு சிவப்பு பல்ப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது. நாங்கள் எப்போதும் அப்படித்தான் கழுவுவோம். பார்த்துப் பார்த்துச் செய்யலாம், உங்களுக்குப் பயம் இருக்காது.

அவன் என்னை எங்கள் வீட்டுத் தெலுங்கில் "ஏமிரா ஹரி" என்றுதான் கூப்பிடுவான். இப்போது கடைக்குள் யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஹரிகிருஷ்ணன்


ராஜபாளையம்
2-5-2024

ஹரி,

நீ சொன்ன சாமான் எல்லாம் வாங்கியாயிற்று. ட்ரே நாலும் ஸ்டேஷனரி கடையில், தாள் போட்டு வைக்கிற வகை. தெர்மாமீட்டரும் அளவு ஜாடியும் பள்ளி ஆய்வகத்தில் சொல்லிவிட்டு எடுத்து வந்தேன். மருந்து சென்னையிலிருந்து வந்துவிட்டது.

உன் கடிதத்தை எங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். ஆரம்பத்தில் "ஏட்டி, செத்தவன் சாமானைக் கிளறி என்னத்தப் பாக்கப் போற?" என்றவர், சிவப்பு பல்ப் என்ற இடம் வந்ததும் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் பல்ப் வாங்கி வந்து அவரே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். அடுப்படியில் டியூப்லைட் போய் மூன்று மாதமாகிறது, அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. இரண்டு மூன்று நாளாக "எப்பக் கழுவப் போற, நானும் கூட நிக்கேன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மம்சாபுரத்து மாந்தோப்பு விற்பனைப் பத்திரம் வேறு மேஜைமேல் என் கையெழுத்துக்காகக் கிடக்கிறது. ஜெபின் உயிரோடு இருந்தவரை விற்க மாட்டேன் என்று நின்றான். அவன் பங்கும் இப்போது என்னிடம் வந்துவிட்டது. படத்தைப் பார்த்த பிறகுதான் எந்தக் கையெழுத்தும் என்று சொல்லியிருக்கிறேன்.

இனிமேல்தான் உன்னிடம் நான் கேட்க வேண்டியது.

எதையும் சோதிக்காமல் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஜெபின் அலமாரியில் பிரிக்காத ஃபிலிம் பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒன்றை முழு இருட்டில் எடுத்து, அதன்மேல் பீரோ சாவியை வைத்து, நீ சொன்ன சிவப்பு பல்பை இரண்டு நிமிஷம் எரியவிட்டேன். பிறகு இருட்டிலேயே கழுவினேன். ஃபிலிம் முழுக்கத் தார் பூசியதுபோல் கறுத்துவிட்டது. சாவி இருந்த இடம் மட்டும் தெளிவாக, பல் பல்லாகத் தெரிந்தது.

சிவப்பு வெளிச்சம் இந்த ஃபிலிமைக் கொன்றுவிடும். உன்னை நம்பி நேரடியாக இறங்கியிருந்தால் நாலும் போயிருக்கும். எட்டு வருஷம் அவனோடு சேர்ந்து கழுவியவனுக்கு இது தெரியாது என்று நான் நம்ப வேண்டுமா? ஏன் பொய் சொன்னாய்?

தேவகிருபை


ஸ்ரீவில்லிபுத்தூர்
6-5-2024

அக்கா,

மன்னித்துவிடுங்கள். பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன். நாங்கள் செலவு கட்டுப்படியாகாமல் எக்ஸ்ரே ஃபிலிமைத்தான் வெட்டிவெட்டிப் போடுவோம். அது சிவப்பு வெளிச்சத்துக்கு அசராது. கடையில் வாங்குகிற ஃபிலிமுக்கு ஒரு மூலையில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி சின்னச் சின்ன வெட்டு இருக்கும், நாங்கள் வெட்டின எக்ஸ்ரே ஃபிலிமுக்கு அது இருக்காது. ஹோல்டரில் இருப்பதும் எக்ஸ்ரே என்று நினைத்துவிட்டேன்.

முழு இருட்டில் கழுவுங்கள். அந்த பல்பைக் கழற்றிவிடுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் ஒரு நிமிஷம், பிறகு டெவலப்பரில் இருபது டிகிரிக்கு ஏழு நிமிஷம், ட்ரேயின் ஒரு ஓரத்தைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். ஃபிக்ஸரில் ஐந்து நிமிஷம் போன பிறகுதான் லைட். இது சத்தியமாகச் சரியான முறை.

ஆனால் அவசரப்பட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஹோல்டர்கள் எங்கே இருக்கின்றன? பூட்டி வைத்திருக்கிறீர்களா? வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்? பள்ளிக்கூடத்தில் வைக்க முடியுமா? காரணம் கேட்காதீர்கள். வெயில் அதிகம், பள்ளிக்கூடத்து ஆய்வகம் குளிர்ச்சியாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹரி


ராஜபாளையம்
11-5-2024

ஹரி,

நீ எழுதிய காரணத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட நம்பாது. நீ எதையோ மறைக்கிறாய்.

இன்னொன்று. உன் கடிதம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. பசை காய்ந்து கையில் உதிர்ந்தது. முதலில் தபால்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். அவரிடம் கேட்டபோது, வியாழக்கிழமையே சார் கையில் கொடுத்துவிட்டேன் என்றார். என் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பைக்குள்ளேயே மறந்துட்டேன்" என்றார். மறந்திருக்கலாம். அவருக்கு மனை வியாபாரத்தில் ஆயிரம் அலைச்சல்.

சொல்ல வந்தது அதுவல்ல. இன்று காலை பள்ளிக்குச் சேர்க்கை வேலையாகப் போய்விட்டு மதியம் திரும்பினேன். பீரோவுக்குள் சேலைக்கு அடியில் இருந்த ஹோல்டர்களில் ஒன்று கட்டில்மேல் கிடக்கிறது. இரண்டு பக்கத் தகடும் முழுதாக உருவப்பட்டு, பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஜன்னல் வெயில் நேராக அதன்மேல். சாம்பல் நிறத்தில் ஃபிலிம் வெளியே தெரிந்தது. இரண்டு படம் போய்விட்டது. பயனில்லை என்று தெரிந்தும் தகடுகளைத் திரும்பச் செருகினேன்.

"தூசி தட்டலாம்னு எடுத்தேன். இதுக்குள்ள என்னமோ இருக்குன்னு எனக்கு என்னட்டி தெரியும்" என்றார் அவர். நான் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு பொருளைத் தூசி தட்டி நான் பார்த்ததில்லை. இன்னொரு ஹோல்டரை அவர் தேடியிருக்கிறார், அலமாரியெல்லாம் கலைந்திருந்தது. அதை நேற்று இரவே என் கைப்பையில் போட்டு வைத்திருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீ பூட்டிவைக்கச் சொன்னது காரணமாக இருக்கலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஹரி. எதற்குப் பயம் என்று வாய்விட்டுச் சொல்லவும் பயமாக இருக்கிறது. உனக்குத் தெரிந்ததைச் சொல். வீட்டுக்கு எழுதாதே, பள்ளி முகவரிக்கு எழுது.

தேவகிருபை


ராஜபாளையம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை
14-5-2024

அக்கா,

இதைத் தபாலில் போடப் பயந்து நேரிலேயே வந்தேன். உங்களைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். உங்கள் வீட்டுக் கார் கேட்டுக்கு முன்னால் நிற்கிறது, சத்தியநேசன் சார் உள்ளே உட்கார்ந்து பள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ரோட்டைத் தாண்டத் தைரியம் வரவில்லை. இங்கே உட்கார்ந்து எழுதி, டீ குடிக்க வந்திருக்கிற உங்கள் பள்ளி ஆபீஸ் காமராஜிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி சாயங்காலம் ஜெபின் கடைக்கு வந்தான். மறுநாள் நானும் அவனும் பிளவக்கல் போவதாக இருந்தது. "ஏமிரா, நாளைக்கு நீ வர வேண்டாம்லே. அத்தான் வாராவ. தோப்பு விசயமாப் பேசணுமாம். குடும்பத்துக்குள்ள பேசிக்கிடுதோம், பொறவு சொல்லுதேன்" என்றான். அதனால்தான் நான் போகவில்லை. கல்யாண ஆர்டர் இருந்தது என்று நான் எல்லோரிடமும் சொன்னது பொய்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சத்தியநேசன் சார் கடைக்கு வந்தார். தான் அன்றைக்கு மதுரையில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்ததாக அவராகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை. அப்புறம், "அன்னைக்கு நீயும் போறதா இருந்தவன்தானலே. போலீஸ் என்கிட்ட கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. என் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

உங்கள் முதல் கடிதம் வந்த மறுநாளும் வந்தார். "அது கழுவி வரக்கூடாது தம்பி. எப்படியாவது கெட்டுப்போறதுக்கு ஒரு வழியைச் சொல்லு. நீ சொன்னா அவ கேப்பா" என்றார். அவர் முன்னால் உட்கார்ந்துதான் சிவப்பு பல்ப் என்று எழுதினேன். அவர்தான் ஸ்டாம்ப் ஒட்டினார்.

நான் கோழை அக்கா. நீங்கள் கல்லறை வாசலில் பேசியது போதாது. ஆனால் இப்போது தோப்பு முழுக்க உங்கள் பெயரில் இருக்கிறது, நீங்களும் கையெழுத்துப் போடவில்லை. அவன் மாட்டேன் என்று நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். தயவுசெய்து வீட்டுக்குப் போகாதீர்கள். ஹோல்டரோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். என் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

ஹரி


ராஜபாளையம்
16-5-2024

அன்புள்ள ஹரி,

இன்று அவர் விருதுநகருக்குப் பதிவு வேலையாகப் போனார். காலை பத்து மணிக்கு பாத்ரூமை அடைத்தேன். சிவப்பு பல்பைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். டெவலப்பர் இருபது டிகிரிக்கு இறங்க இரண்டு பாக்கெட் ஐஸ் பிடித்தது.

இருட்டில் ஃபிலிமை எடுத்ததும் மூலையில் அந்த வெட்டு விரலுக்குத் தட்டுப்பட்டது. கடை ஃபிலிம்தான். டைமரை நம்பாமல் ஒன்றிலிருந்து நானூற்று இருபது வரை வாய்விட்டு எண்ணினேன். இரண்டு ஃபிலிமையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவினேன். புகை எதுவும் இல்லை ஹரி. ஒரு ஓரத்தில் மட்டும் லேசான கறை. உன் முறை சரியான முறைதான்.

நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். முகம் கறுப்பாக, தலைமுடி வெள்ளையாக இருந்தாலும் அடையாளம் தெரியாமல் போகுமா? அணைக்கரையில் அவர் நிற்கிறார். கக்கத்தில் பத்திரக் கவர். இடது காலில் பாரம் போட்டு ஒரு தோள் இறங்கிய அந்த நிற்பை நான் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். சிரிக்கிறார். ஜெபின் "அத்தான், செத்த நேரம் அசையாம நில்லுங்க" என்று சொல்லியிருப்பான். எடுத்தபின் ஒரு போட்டோவாவது பிரிண்ட் போட்டு அவருக்குக் கொடுத்திருப்பான், அவன் அப்படிப்பட்டவன்.

இரண்டாவதில் அவர் மிகப் பக்கத்தில் வந்துவிட்டார். முகம் கலங்கியிருக்கிறது. லென்ஸை மறைக்க வருகிற உள்ளங்கை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. மோதிரமும் தெரிகிறது. நான் போட்ட மோதிரம்.

முதல் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். டிஷ்யூ தாளில் சுற்றி அட்டைக்கு நடுவில் இருக்கிறது, விரல் படாமல் எடு. பேப்பர் டேப்பையும் உரித்து அட்டையிலேயே ஒட்டியிருக்கிறேன், அவன் கையெழுத்துத் தேதி இருக்கட்டும். அசல் உன்னிடம் இருப்பதுதான் நல்லது. இரண்டாவதை நான் வைத்துக்கொள்கிறேன்.

நீ கூப்பிட்டாய். நான் வரவில்லை. என்னைத் திட்டாதே. என் வகுப்பில் ஒரு பிள்ளை காப்பி அடித்துக் கையும் களவுமாகப் பிடிபட்டால்கூட, அவனைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஹெட்மிஸ்ட்ரஸிடம் அனுப்புவேன். இவரையும் அப்படி ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அங்கே போனது உண்மை. போன பிறகு என்ன நடந்தது? வாய்ச் சண்டையில் அவன் கால் இடறியிருக்கலாம். இவர் பயந்து ஓடி வந்திருக்கலாம். நான் அதைக் கேட்க ஆசைப்படுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. அவர் வாயால் அதைச் சொல்லிவிட்டால் நான் எப்படியாவது உயிரோடு இருந்துவிடுவேன்.

நாளை காலை காப்பி குடிக்கும்போது இரண்டாவது படத்தை மேஜைமேல் வைக்கப் போகிறேன். உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானே போன் செய்கிறேன். அதுவரை பொறுத்திரு.

கல்லறை வாசலில் பேசியதை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

தேவகிருபை அக்கா


ராஜபாளையம், உங்கள் வீட்டு வாசல்
18-5-2024, பகல் 12.40

அக்கா,

உங்கள் கடிதமும் படமும் பதினொன்றரை மணிக்குக் கைக்கு வந்தன. உடனே கிளம்பிவிட்டேன். பஸ்ஸிலிருந்தே இருபது தடவை போன் போட்டேன். உங்கள் போன் அணைந்திருக்கிறது. சாருடையதும் அப்படியே.

வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜெபா அக்காவிடம் கேட்டேன். "காலையிலேயே ரெண்டு பேரும் கார்ல பிளவக்கல் போயிட்டாவளே. தம்பி போன இடத்துல பூப் போட்டு ஜெபம் பண்ணணும்னு சார்தான் ஆசையாக் கூட்டிட்டுப் போனாவ. மாலையெல்லாம் வாங்கி வச்சிருந்தாவ. டீச்சர் மொகம்தான் சரியில்ல, ராத்திரியெல்லாம் அழுதிருப்பா போல" என்றார்கள். அவர்கள் போய் நாலு மணி நேரம் ஆகிவிட்டது.

போலீசுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் பொய்யையும் சேர்த்து. படத்தை என் மனைவியிடம் கொடுத்து இந்நேரம் ஸ்டேஷனில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். நான் ஆட்டோ பிடித்துப் பிளவக்கல் போகிறேன். பிப்ரவரியில் போகாத இடத்துக்கு இப்போது போகிறேன்.

இந்தச் சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். யார் வந்து குனிந்து எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா, நீங்கள் என்றால் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், போதும்.

சத்தியநேசன் சார், தனியாகத் திரும்பி வந்து நீங்கள் இதை எடுத்திருந்தால், அந்தப் படம் நன்றாகவே வந்திருக்கிறது.

ஹரிகிருஷ்ணன்